பண்ணைக் காத்தார், மொழியை இழந்தார்

(கோவளத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

இன்று இக் கூட்டத்தின் முடிவில் ஓர் ஒலிப்பதிவைக் கேட்க இருக்கின்றீர்கள். பாடுவோர் பிரெஞ்சு பேசும் மக்கள். வீட்டிலே கிரியோல் என்னும் கலவை மொழியும், பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சும் பேசுகின்றவர்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழில் 'தண்ணீர் கொடு' என்று கேட்கத் தெரியாது. ஆனால் அவர்கள் பாடுவது தமிழ்க் கூத்துப் பாட்டு. மத்தளம் முழங்கும், தாளம் ஒலிக்கும், விருத்தத்தின் இழுவை நம் ஊர்த் திடலில் கேட்டது போலவே இருக்கும். சொற்கள் மட்டும் உடைந்து கிடக்கும். அவ் வுடைந்த சொற்களைப் பற்றிப் பேசவே நான் இங்கு நிற்கின்றேன்.

கோவளமும் பிரெஞ்சும்

"கோவளத்தில் நின்று பிரெஞ்சு பேசுவோரின் இசையைப் பற்றிப் பேசுவானேன்?" என்று சிலர் எண்ணலாம். இக் கரை பிரெஞ்சுக்காரரை அறியாத கரையன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒசுட்டெண்டு வணிகக் குழுவினர் இங்கே பண்டகசாலை வைத்திருந்தனர். பின்னர் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் இங்குக் கோட்டை கட்டினார். 1750-இல் அதனைப் பிரெஞ்சுக்காரர் சூழ்ச்சியால் கைப்பற்றினர். 1752-இல் இராபர்ட்டு கிளைவு முற்றுகையிட்டு அதனை வென்றான். பின்னர் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அக் கோட்டையின் இடிபாட்டின் மேல் இன்று ஒரு சொகுசு விடுதி நிற்கின்றது.

இவ் வரலாற்றில் நவாபு உண்டு; பிரெஞ்சுப் படை உண்டு; கிளைவு உண்டு. வலை இழுத்த நம் முன்னோர் உண்டா? இல்லை. பிறர் எழுதிய வரலாற்றில் நமக்கு இடம் கிடைப்பது அரிது. நமக்கு நாமே எழுதிக்கொண்ட வரலாறு நம் பாட்டுகளிலே தான் இருக்கின்றது. அதனாலேதான் பாட்டை இழந்த மக்கள் தம் வரலாற்றையும் இழக்கின்றனர்.

கப்பலேறிய தமிழர்

1848-இல் பிரெஞ்சு அரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்திற்குக் கைகள் வேண்டியிருந்தன. கங்காணிகளும் முகவர்களும் நம் நாட்டுச் சிற்றூர்களில் புகுந்தனர். புதுச்சேரியும் காரைக்காலும் ஆளேற்றும் துறைகள் ஆயின. ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்னும் உறுதிமொழி. 1853-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஒரேலி' என்னும் கப்பல் நம் மக்களை மார்த்தினிக்குத் தீவில் இறக்கியது. 1854 திசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புத் தீவிற்கும் மக்களைக் கொண்டு சென்றது. 1880-களின் முடிவிற்குள் குவாதலூப்பிற்கு ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்கிற்கு ஏறத்தாழ 25,000 பேரும் சென்றனர். இந்துமாக் கடலிலுள்ள இரீயூனியன் தீவிற்குச் சென்றோர் ஓர் இலக்கத்திற்கும் மேற்பட்டோர். அனைவரும் தமிழர் அல்லர். எனினும் அவருள் தமிழர் மிகப் பலர்.

1876 முதல் 1878 வரை நம் மாவட்டங்களைத் தின்ற தாதுப் பெரும்பஞ்சத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதோ, நம் ஊர்க்கு மேற்கே ஓடும் பக்கிங்காங் கால்வாயைப் பாருங்கள். அதன் சென்னைப் பகுதியில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த துண்டு அப் பஞ்சத்தில் கஞ்சிக்குக் கைமாறாக ஏழைகள் வெட்டியது. மண் வெட்டியவர் இங்கே மடிந்தனர். கப்பலேறியவர் அங்கே கரும்பு வெட்டினர்.

போனவர்க்கு நிலம் இல்லை, பொருள் இல்லை, திரும்பும் வழியும் பலர்க்கு இல்லை. பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் கிறித்தவப் பெயர் முன்னே வந்தது. தந்தையின் பெயர் குடும்பப் பெயராகப் பின்னே ஒட்டிக்கொண்டது. இராமசாமி 'இரமசமி' ஆனார். வீரப்பிள்ளை 'விரப்புல்லே' ஆனார். குவாதலூப்பில் அன்றி சிதம்பரம் என்பார், குடியேறியவர் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். குடியுரிமை வந்தது, மொழி போயிற்று. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல். இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழ் வீட்டை விட்டு வெளியேறியது.

வெளியேறிய தமிழ் எங்கே போய்த் தங்கியது தெரியுமா? கோயிலிலும் கூத்திலும்.

நாடகம் 'நார்ல்கோன்' ஆன கதை

இரீயூனியனில் இன்றும் மாரியம்மனுக்குத் திருவிழா உண்டு. பாஞ்சாலிக்குத் தீமிதி உண்டு. பாஞ்சாலியை அவர்கள் 'பாந்தியாலே' என்பர். இரவெல்லாம் நடக்கும் கூத்தைப் பிரெஞ்சு மொழியில் 'தமிழ் ஆடரங்கு' என்னும் பொருளில் 'பால் தமூல்' என்று அழைப்பர். அம் மக்கள் வைத்த பெயரோ 'நார்ல்கோன்'. நாடகம் என்னும் சொல் தான் அது. கூத்தை நடத்துபவர் 'வார்த்தியால்' எனப்படுவார். நம் வாத்தியார்தான் அவர். பாரதக் கதையில் பாண்டவர் காடுறைந்த பகுதி அங்கே பெரிதும் விரும்பப்படுவது. வார்த்தியால் கையில் ஒரு குறிப்பேடு இருக்கும். அதில் உரோம எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதிய தமிழ் இருக்கும். தந்தை எழுதியதை மகன் பார்த்தெழுதுவான். மகன் எழுதியதைப் பேரன் பார்த்தெழுதுவான். ஒவ்வொரு படியிலும் ஓரெழுத்து தேயும். ஒரு சொல் நெளியும். பண் மட்டும் தேயவில்லை.

குவாதலூப்பிலும் இவ்வாறே கூத்து 'நாத்ரோன்' என்று வழங்கியது. மதுரை வீரன் அங்கே 'மால்தெவிலேன்' ஆனான். நம் குழம்பு 'கொலொம்போ' ஆகி அத் தீவுகளின் ஊண் மேசையில் இடம் பிடித்தது. சொற்கள் உருமாறும், பெயர்கள் உருமாறும், ஆயினும் உயிர் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு குறிப்பேடு

சில ஆண்டுகட்கு முன் இக் கரையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். இரீயூனியனிலிருந்து வந்த ஒரு முதியவரைப் புதுச்சேரி அன்பர் ஒருவர் என்னிடம் அழைத்து வந்தார். முதியவர் கூத்துப் பாடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் பாட்டனார் எந்த ஊரார் என்பது அவர்க்குத் தெரியாது. தம் துணிப்பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து என்முன் வைத்தார். உரோம எழுத்தில் பக்கம் பக்கமாகத் தமிழ்!

பாடச் சொன்னேன். பாடினார். குரல் நடுங்கியது, பண் நடுங்கவில்லை. பாடி முடித்து, ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்டினார். "கானகோன்" என்று எழுதியிருந்தது. "இவர் யார்?" என்று அன்பர் வாயிலாகக் கேட்டார்.

நான் கல்லூரியில் இலக்கணம் பயின்றவன் அல்லனோ? உடனே கோன் என்றால் அரசன் என்று பொருள் கொண்டேன். "கானகத்தின் கோன், காட்டரசன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது மத்தளம் அவர் நாவில் 'மத்தலோன்' ஆனதும், தாளம் 'தாலோன்' ஆனதும், நாடகம் 'நார்ல்கோன்' ஆனதும் நினைவிற்கு வந்தன. சொல்லின் ஈற்றிலுள்ள 'அம்' பிரெஞ்சு மூக்கொலியில் 'ஓன்' ஆகிவிடுகின்றது. அப்படியானால் கானகோன் என்பது கானகம்! காடு!

அதனைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அறுபது ஆண்டுகளாக அது ஒரு வீரனின் பெயர் என்று எண்ணிப் பாடிவந்தேன். அவனுக்காகத் தேங்காயும் உடைத்திருக்கிறேன்."

எனக்கு நகைப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. அருகே என் பழைய மாணவன் ஒருவன் நின்றான். அப்போது ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாறியிருந்தான். பெருமையோடு அவன் பக்கம் திரும்பி, "தம்பி, கானகம் என்றால் என்ன? ஐயாவுக்குச் சொல்" என்றேன். அவன் தயங்கிச் சொன்னான்: "சாலையோரத்தில் இருக்கும் ஒரு விடுதியின் பெயர்தானே ஐயா?"

தோழர்களே! அந்த முதியவர் நெடுந்தொலைவிலிருந்து வந்தவர் போல் எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சிறுவனே அத்துணைத் தொலைவில் நிற்பவனாகத் தோன்றினான். அவர்க்கு மொழியைப் பறித்தது கப்பலும் கரும்புத் தோட்டமும். இவனுக்கு மொழியைப் பறித்தவர் யார்? எவனும் சவுக்கு எடுத்து வரவில்லை. நாமே கட்டணம் கட்டிப் பறித்தோம்!

என் குற்றமும் ஒன்று

பிறரை மட்டும் குறை கூறிச் செல்வது முறையன்று. தனித்தமிழ் அன்பர்களாகிய நம்மிடமும் ஒரு குற்றம் உண்டு. அதில் முதற் பங்கு என்னுடையது.

என் இளமையில் எங்கள் சிற்றூர்த் திடலில் கூத்து நடக்கும். கல்லூரியில் தமிழ் படித்துத் திரும்பியபின் நான் அங்கே போவதை நிறுத்தினேன். "கூத்துப் பாட்டில் வடசொல் மிகுதி, பிழை மிகுதி, கதையோ பாரதம்" என்று ஒதுக்கினேன். ஊரில் ஒரு கூத்தாசிரியர் என்னிடம் வந்து, தம் ஏட்டைப் பார்த்துத் திருத்தித் தருமாறு கேட்டார். நாளை நாளை என்று தள்ளினேன். அவர் மறைந்தார், ஏடும் மறைந்தது. இரீயூனியன் முதியவரின் குறிப்பேட்டைக் கையில் வாங்கியபோது, நான் வாங்க மறுத்த அந்த ஏடுதான் என் கண்முன் நின்றது.

மீனவத் தோழர்களே, உங்களைக் கேட்கின்றேன். மீனில் மணல் ஒட்டியிருக்கின்றது என்று மீனையே கடலில் எறிவீர்களா? கழுவி எடுப்பீர்கள் அல்லவா? 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் சொல்லைத் தூய்மை செய்யச் சொன்னார். சொல்லுவோரைத் துறக்கச் சொல்லவில்லை. கல்லாத மக்கள் வாயில் கிடக்கும் தமிழ் கற்றவர் ஏட்டில் இல்லாத செல்வம் என்பதைப் பாவாணர் தம் சொல்லாராய்ச்சியால் காட்டினார். தூய்மை என்பது நம் மக்களிடமிருந்து விலகி நிற்பதன்று. அவரோடு நின்று அவர் வாய்ச்சொல்லைப் போற்றித் துலக்குவது.

பிரெஞ்சுக்காரர் கற்ற கூத்து

நாம் ஒதுக்கிய கூத்தைப் பிறர் எப்படி மதித்தனர் என்பதையும் கேளுங்கள். பாரிசு நகரின் புறத்தே 'கதிரவன் அரங்கு' என்னும் பொருளுடைய 'தெயாத்திரு து சொலெய்' என்னும் நாடகக் குழு உள்ளது. அதனை நடத்துபவர் ஆரியான் முனூசுக்கின். புரிசை நம் வடதமிழ்நாட்டுச் சிற்றூர். கூத்துக்கலையில் புகழ்பெற்ற கண்ணப்பத் தம்பிரான் வாழ்ந்த ஊர். அவர் மகனார் சம்பந்தத் தம்பிரானிடம் அப் பிரெஞ்சுக் குழுவினர் கூத்துப் பயின்றனர். 2016-இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்னும் நாடகத்தில் பாஞ்சாலி சூளுரையும் கன்னன் இறப்பும் தெருக்கூத்து வடிவில் பாரிசு மேடையேறின. 2017-இல் நியூயார்க்கிலும் அந் நாடகம் நடந்தது. பிரெஞ்சு நாக்கு நம் கூத்துப் பாட்டை வருந்திக் கற்றது. நம் பிள்ளைகளின் நாக்கோ அதனைக் கேட்டதும் இல்லை.

இன்னொன்று. பிரெஞ்சு அகரமுதலியைப் புரட்டினால் நம் கட்டுமரம் அங்கே இருக்கின்றது, வெட்டிவேர் இருக்கின்றது. சொல் அவர்களிடம் வாழ்கின்றது. இக் கரையிலோ கட்டுமரம் அருகி, நாரிழைப் படகும் பொறியும் வந்துவிட்டன. வரட்டும், உழைப்பவர் முதுகு வளைவது குறைந்தால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் துடுப்புப் போட்டபோது பாடிய அம்பாப் பாட்டு, பொறியின் இரைச்சலில் அமிழ்ந்துவிட்டதே! அதனைப் பாடத் தெரிந்த முதியோர் இக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கின்றீர்கள்? உங்கள் பேரப் பிள்ளைகளில் எத்தனை பேர்க்குத் தெரியும்?

இசை மட்டும் போதுமா?

"பாட்டைக் காத்தால் மொழி தானே பிழைக்கும்" என்று சிலர் ஆறுதல் கொள்வர். அஃது அரை உண்மை. இரீயூனியனே அதற்குச் சான்று. பண்ணைக் காத்தார், மொழியை இழந்தார். இன்று பாடுபவர்க்கே பாட்டின் பொருள் தெரியவில்லை. பொருள் அறியாப் பாட்டு பூட்டிய பெட்டி. அதனைத் தோளில் சுமக்கலாம், திறந்து உண்ண முடியாது.

பிரெஞ்சு நாட்டுக்குள்ளேயே இன்னொரு பாடம் உண்டு. அதன் மேற்குக் கோடியில் பிரெத்தானியர் என்போர் வாழ்கின்றனர். அவர்கள் தாய்மொழி பிரெத்தோன். அம் மொழியைப் பள்ளியில் பேசிய சிறுவர் கழுத்தில் ஒரு கட்டையையோ பழைய செருப்பையோ தொங்கவிட்டு இழிவு செய்த காலம் உண்டு. 1972-இல் ஆலன் இசுத்திவெல் என்னும் பாடகர் தம் முன்னோரின் யாழை மீட்டிப் பாரிசின் ஒலிம்பியா அரங்கில் பிரெத்தோன் பாட்டை முழக்கினார். இளைஞர் விழித்தனர். விழித்தவர் பாட்டோடு நிற்கவில்லை. 1977-இல் 'திவான்' என்னும் பெயரில் பிரெத்தோன் வழிப் பள்ளிகளைப் பெற்றோரே தொடங்கினர். திவான் என்றால் அவர்கள் மொழியில் முளை என்று பொருள். பாட்டு எழுப்பியது, பள்ளி நிலைநிறுத்த முனைந்தது. 1992-இல் 'குடியரசின் மொழி பிரெஞ்சே' என்று அந் நாட்டு அரசமைப்பில் எழுதப்பட்டது. அதன் பின்னும் அப் பள்ளிகள் நிற்கின்றன.

இரீயூனியனிலும் 1979-இல் ஓர் இசைக்குழு எழுந்தது. தமிழ்வழி வந்த கில்பெர் பூனியா முதலானோர் அமைத்தது. தம் வாய்மொழியாகிய கிரியோலுக்கு மதிப்பு வேண்டும் என்று பாடியது. மலோயா என்னும் அத் தீவின் உழைப்பாளர் இசையை நெடுங்காலம் ஆட்சியாளர் புறக்கணித்தனர், அடக்கவும் முற்பட்டனர். அதனை 2009-இல் யுனெசுகோ மாந்தப் பொதுச் செல்வமாக ஏற்றது. அக் குழுவின் பெயர் 'சிசுக்காக்கான்'. அதன் பொருள் என்ன தெரியுமா? 'எதுவரை?' என்பது. எதுவரை இந்த இழிவு? எதுவரை இந்த அமைதி? அவ் வினா நம்மை நோக்கியும் கேட்கப்பட்ட வினா அல்லவா?

பேச்சை இழந்தோர்க்கும் மானம் போய்விடவில்லை என்பதற்கு மொரீசுத் தீவே சான்று. 1998-இல் அங்கே வெளியான புதிய பணத்தாள்களில், வழக்கமாக இரண்டாம் இடத்திலிருந்த தமிழெழுத்து மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. வீட்டில் கிரியோல் பேசும் தமிழர் திரண்டெழுந்தனர். அரசு அத் தாள்களைத் திரும்பப் பெற்றது. தமிழைப் பேச மறந்தவர் தமிழெழுத்தின் இடத்திற்காகப் போராடினர். பேசத் தெரிந்த நாம் கடைத்தெருப் பெயர்ப்பலகையைக் கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாம் அனுப்பியது என்ன?

1970-களிலிருந்து அத் தீவுகளின் தமிழ்வழியினர் தம் வேரைத் தேடினர். கோயில்களைப் புதுக்கினர். தாயகத்தை நோக்கிக் கை நீட்டினர். நாம் என்ன அனுப்பினோம்? சிற்பிகளை அனுப்பினோம்; நன்று. பூசகர்களையும் அனுப்பினோம், அவர்களோடு வடமொழி மந்திரமும் போயிற்று. தம் பாட்டன் பாடிய உடைந்த தமிழே தாழ்ந்தது, விளங்காத வடமொழியே உயர்ந்தது என்று அம் மக்களில் சிலர் எண்ணும் நிலை வந்தது. தாயைத் தேடி வந்த பிள்ளைக்கு நாம் காட்டியது வேறொருத்தியை! ஓர் அரிச்சுவடியும், ஓர் ஆசிரியரும், பொருளெழுதிய ஒரு பாட்டுச் சுவடியும் அனுப்பியிருந்தால், கானகோன் என்றோ கானகம் ஆகியிருக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, இக் கோவளத்திலும் அண்டையிலுள்ள திருவிடந்தை முதல் மாமல்லபுரம் வரையிலுள்ள குப்பங்களிலும் அம்பாப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், கூத்துப் பாட்டும் அறிந்த முதியோரை நம் இளைஞர் நாடிச் செல்லவேண்டும். கையிலுள்ள பேசியே ஒலிப்பதிவுக் கருவி. செலவு ஏதும் இல்லை. பாட்டைப் பதிவதோடு நில்லாமல் பொருளையும் கேட்டு எழுதுக. பொருள் எழுதாத ஏடு என்ன ஆகும் என்பதை இன்று கண்டோம். திருத்துகின்றேன் என்று பாடுவோரை மடக்காதீர்கள், முதலில் எழுதுங்கள். பிழை பார்க்கும் பணியை என்னிடம் தாருங்கள். ஒரு முறை தள்ளிப்போட்டவன் மறுமுறை தள்ளமாட்டேன்.

இரண்டாவது, இரீயூனியன், குவாதலூப்பு, மார்த்தினிக்குக் கூத்துக் குடும்பங்களின் குறிப்பேடுகளை வாங்கிப் படித்துத் தமிழெழுத்தில் மீட்டுத் தருவதற்கு நம் புலவர்கள் முன்வரவேண்டும். பிரெஞ்சு அறிந்த புதுச்சேரித் தமிழர் நமக்குப் பாலமாக நிற்பர். மூக்கொலியில் மறைந்த 'அம்' ஈற்றை மீட்பது போல ஆயிரம் சொற்களை மீட்கலாம்.

மூன்றாவது, இதுவே தலையாயது. உங்கள் பிள்ளைகளைத் தமிழ்வழியில் படிக்க வையுங்கள். ஆங்கிலம் கற்கட்டும், பிரெஞ்சும் கற்கட்டும், வேண்டாம் என்பார் இல்லை. ஆனால் கற்கும் மொழி வேறு, கற்பிக்கும் மொழி வேறு. இவ் வேற்றுமையை மறந்தால், இன்னும் நூறாண்டில் நம் பேரன் ஒருவன் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்க் குறிப்பேட்டோடு, "இச் சொல் யார் பெயர்?" என்று கேட்டுக்கொண்டு இக் கரையில் நிற்பான். அவனுக்கு விடை சொல்ல அன்று யார் இருப்பர்?

அந்த முதியவர் விடைபெறும்போது, தம் குறிப்பேட்டில் அச் சொல்லின் அருகே என் கையால் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். 'கானகம்' என்று எழுதினேன். அவர் அவ் வெழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பின்னர் என் தூவலை வாங்கி, அதன் கீழே தாமே ஒருமுறை எழுதினார். 'ன' கரம் கோணலாக இருந்தது. 'க' கரம் சாய்ந்திருந்தது. அவர் குடியில் நூறாண்டுகட்கு மேலாக எழுதப்படாத தமிழ் அன்று எழுதப்பட்டது. அருகே நின்ற என் மாணவன் அதைக் கண்டான். மறுநாள் மாலை தமிழ்ச் சுவடியோடு என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். இன்றும் வருகின்றான், இதோ இக் கூட்டத்தில், ஒலிப்பதிவுக் கருவியின் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அவனே.

இனி நான் அமர்கின்றேன். அவன் பாட்டை ஒலிக்கச் செய்வான். உடைந்த சொற்களைக் கேட்டு நகையாதீர்கள். கானகோன் என்னும் சொல் வரும்போது கானகம் என்று உரக்கச் சொல்லுங்கள். கடலுக்கு அப்பால் இருப்பவர்க்குக் கேளாவிட்டாலும், உங்கள் மடியிலிருக்கும் பிள்ளைக்குக் கேட்கும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழிசை! ஓங்குக தமிழினம்!